லாரிக்குப் பின்னால் பத்து அடி

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே கிளம்பிவிடுகிறது. நாலுவழிச்சாலையில் முன்னால் பெரிய கன்டெய்னர் லாரி போனால் அதை முந்தாதே, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போ. காற்றை அது கிழித்துக் கொடுக்கும், மைலேஜ் எகிறும். சொல்பவர்கள் சொந்த அனுபவமாகவே சொல்வார்கள். பைக்கில் ஊருக்குப் போகிற இளைஞர்கள் எதிர்க்காற்று பொறுக்காமல் லாரியின் முதுகில் ஒதுங்கி ஓட்டுவதும் இதே கணக்கில்தான்.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். எரிபொருள் மிச்சமாவது உண்மை. ஒருமுறை செய்து பார்த்தவர் பலனைக் கண்ணால் கண்டுவிடுகிறார். மறுமுறை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போகிறார். எனவே வெறுமனே பயமுறுத்தி இதை நிறுத்த முடியாது. எவ்வளவு மிச்சம், எந்த இடைவெளியில், அதற்கு என்ன விலை என்று கணக்கைப் பிரித்து வைப்பதுதான் நேர்மையான வழி.

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் சிறிய காரின் எஞ்சின் எதனோடு மல்லுக்கட்டுகிறது? டயர்கள் உருள்வதில் உள்ள எதிர்ப்பு ஒரு பங்கு. மீதி, பாதிக்கும் மேலே, காற்று. அந்தக் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஐம்பதில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கைக்கு இதமாக இருக்கிற காற்று, நூறில் அதே கையைப் பின்னால் தள்ளுவது இதனால்தான்.

லாரியின் முகம் சுவர் மாதிரி. காற்றை முட்டித் தள்ளுகிறது; அங்கே அழுத்தம் கூடுகிறது. பின்பக்கமோ சட்டென்று முடிந்துவிடுகிறது. பக்கவாட்டில் ஓடிவந்த காற்று அந்த மூலையில் மடங்கிச் சேர முடியாமல் சுழலத் தொடங்குகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. வெள்ளக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துத் தூணின் பக்கமே திரும்பிவரும், மிதந்து வந்த சருகு அங்கே சிக்கி நிற்கும். அதுதான் லாரிக்குப் பின்னாலும் நடக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள காற்று லாரியோடு சேர்ந்து முன்னோக்கி இழுபட்டு வருகிறது. அதற்குள் நுழைந்த காருக்கு எதிர்க்காற்று குறைந்துவிடும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இப்படி ஓட்டுவதை ‘டிராஃப்டிங்’ என்கிறார்கள்.

முன்னால் போகிறவரின் டீசலை நாம் உறிஞ்சுகிறோமா என்ற கேள்வி சிலருக்கு வரும். இல்லை. பின்னால் வரும் வண்டி மிக நெருங்கும்போது அந்தச் சுழல் அடங்கி, முன்வண்டியைப் பின்னால் இழுக்கிற விசையும் கொஞ்சம் குறைகிறது. 2013-ல் அமெரிக்காவின் யூட்டா மாநில நெடுஞ்சாலையில் இரண்டு லாரிகளை 36 அடி இடைவெளியில் ஓட்டிப் பார்த்தபோது, பின்லாரிக்கு 10 சதவீதம் எரிபொருள் மிச்சமானது; முன்லாரிக்கும் 4.5 சதவீதம் மிச்சமானது. இயற்கை இங்கே இரண்டு பேருக்கும் கொடுக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ரயிலுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

காற்று மறைப்பின் பலத்தை உலகுக்கு முதலில் உரக்கக் காட்டியவர்களில் ஒருவர் சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்க சைக்கிள் வீரர். காற்றைத் தடுக்க முன்னால் ஒன்று இருந்தால் ரயில் வேகத்தில் சைக்கிள் மிதிக்கலாம் என்று அவர் சொன்னபோது சிரித்தார்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலேண்ட் ரயில் நிறுவனம் அவரை நம்பியது. தண்டவாளங்களுக்கு நடுவே மரப்பலகை அடித்து வழி போட்டார்கள். கடைசிப் பெட்டியின் பின்னால் காற்று மறைப்புக் கூடு ஒன்றைக் கட்டினார்கள். 1899 ஜூன் 30 அன்று மர்ஃபி அந்தக் கூட்டுக்குள் புகுந்து மிதித்தார். ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார். இன்றைய கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வெறும் கால் பலத்தில்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த சில விநாடிகள். பலகை வழி முடியப்போகிறது. முன்னால் ரயில், கீழே தண்டவாளக் கட்டைகள். ரயிலின் பின்மேடையில் நின்றவர்கள் குனிந்து மர்ஃபியின் கைகளைப் பற்றி, சைக்கிளோடு சேர்த்து மேலே தூக்கிக்கொண்டார்கள். அவர் உயிரோடு வீடு திரும்பியது அந்தக் கைகளால்.

2018-ல் டெனிஸ் மியூலர்-கோரனெக் என்ற பெண், யூட்டாவின் பான்வில் உப்புச் சமவெளியில், பந்தயக் கார் ஒன்றின் பின்னால் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினார். அங்கே குறுக்கே எதுவும் வராது. முன்னால் ஓட்டுபவருக்குப் பின்னால் வருபவரைப் பற்றி மட்டுமே கவலை. சாலையில் முன்னால் போகிற லாரி ஓட்டுநருக்கு உங்களைக் கண்ணாடியில் பார்க்கக்கூட முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை லாரிக்குப் பின்னால் 30 அடி வரை ஓட்டுநருக்குத் தெரியாத இடம் என்று எச்சரிக்கிறது.

எட்டில் ஒரு பங்கு விநாடி

2007-ல் ‘மித்பஸ்டர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்கள் இதைச் சோதித்தார்கள். மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெரிய லாரி. பின்னால் ஒரு கார். 100 அடி இடைவெளியில் காரின் மைலேஜ் 11 சதவீதம் கூடியது. 50 அடியில் 20. 20 அடியில் 27. 10 அடியில் 39. இன்னும் நெருங்கி 2 அடிக்கு வந்தபோது 28 ஆகக் குறைந்துவிட்டது. இடைவெளியைக் காப்பாற்ற ஓட்டியவர் ஆக்ஸிலரேட்டரை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

இந்த எண்களில் 39-ஐத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 88 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 25 மீட்டர் போகும். பத்து அடி என்பது மூன்று மீட்டர். அதைக் கடக்க விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும். முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர விழிப்பாக இருக்கிற ஓட்டுநருக்கே ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகும். அந்த ஒரு விநாடியில் கார் பிரேக்கே படாமல் 25 மீட்டர் ஓடியிருக்கும். நூறு அடி இடைவெளியில்கூட உங்களிடம் இருப்பது ஒன்றேகால் விநாடிதான்.

கனமான லாரி காரைப்போலச் சட்டென்று நின்றுவிடாது, எனவே நமக்கு நேரம் இருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. லாரி பிரேக் பிடித்து மட்டும்தான் நிற்கும் என்றால் அது ஓரளவு சரி. நம் சாலைகளில் லாரி நிற்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. முன்னால் பழுதாகி நிற்கிற இன்னொரு லாரியில் அது மோதலாம். பிரேக் விளக்கே எரியாத லாரிகள் ஓடுகின்றன. சென்னை–திருச்சி சாலையில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்: ஊர் வரும் இடங்களில் போலீஸ் வைத்த பேரிகேட், நடுத்திட்டு இடைவெளியில் திரும்புகிற டிராக்டர், இடது ஓரம் போகாமல் அப்படியே நின்று ஆள் இறக்கும் பஸ், மாடு. முன்னால் இருக்கிறவருக்கு இவையெல்லாம் கண்ணில் படும். லாரியின் முதுகில் ஒட்டியிருப்பவருக்குத் தெரிவது அந்த முதுகு மட்டுமே.

பைக்கில் வருபவருக்கு இன்னும் மோசம். ரோட்டில் கிடக்கும் பெரிய கல்லையோ, பிய்ந்து விழுந்த டயர்ப் பட்டையையோ, அடிபட்டுக் கிடக்கும் நாயையோ லாரி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த நொடி அது பைக்கின் முன்சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும். வண்டியை ஒடிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இதெல்லாம் எத்தனை ரூபாய்க்கு என்று பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொரு லிட்டருக்குள் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். வழி முழுக்க நூறடி இடைவெளியில் ஒரே லாரியைப் பிடித்துக்கொண்டே போனால் மிச்சம் ஏறத்தாழ இருநூறு ரூபாய். உயிரைப் பணயம் வைத்துப் பத்தடியிலேயே முழுத் தூரமும் போனால்கூட அறுநூறைத் தொடாது. லாரி எழுப்பும் சிறுகல் பட்டு முன்கண்ணாடி ஒருமுறை விரிசல் விட்டால் மாற்ற ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் லோடு ஏற்றிய லாரி பெரும்பாலும் அறுபதையொட்டித்தான் ஓடுகிறது. அதன் பின்னால் போனால் மைலேஜ் கூடியது என்று சொல்பவர், நூறில் போயிருக்க வேண்டியவர், அறுபதில் போயிருக்கிறார். காற்றுத் தடை வர்க்கத்தில் ஏறுவதால், அறுபதில் அது நூறில் இருப்பதில் 36 சதவீதம்தான். லாரி சாலையில் இல்லாமலே இருந்திருந்தாலும் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் லாரிக்கு நன்றி சொல்கிறார். நன்றி சொல்ல வேண்டியது தன் வலது காலுக்கு.

நூறிலிருந்து எண்பதுக்கு இறங்கினாலே காற்றுத் தடை 36 சதவீதம் குறைகிறது. டயர் எதிர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் சிறிய காரை எதிர்க்கும் மொத்த விசை ஏறத்தாழ கால் பங்கு குறையும். எஞ்சினின் உள்செலவுகளைக் கழித்தாலும், லாரிக்கு இருபது அடி நெருக்கத்தில் கிடைத்த ஆதாயத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம், முன்னால் எழுபது மீட்டர் வெற்றிடத்தோடு. நம் மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்: எண்பதில் ஓட்டுவதைவிட 45 முதல் 55-க்குள் ஓட்டினால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ். சென்னை–திருச்சிப் பயணத்தில் நூறை விட்டு எண்பதுக்கு வந்தால் இழப்பது ஐம்பது நிமிடம்.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்கா தேசம் முழுவதும் 55 மைலை உச்ச வேகமாக்கியது. 1974 தொடக்கத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். எரிபொருளுக்காகப் போட்ட சட்டம். ஆனால் 1973-ல் 54,000-ஆக இருந்த சாலைச் சாவுகள் அடுத்த ஆண்டே 45,000-ஆக இறங்கின. மக்கள் பயணத்தைக் குறைத்ததும் ஒரு காரணம்தான். இருந்தாலும் ஒரே ஆண்டில் ஒன்பதாயிரம் பேர் வீடு திரும்பியது சின்ன விஷயமா?

கம்பிக்குக் கீழே

சாதாரண மோதலைவிட லாரியின் பின்பக்கத்தில் மோதுவது ஏன் கொடூரமானது என்பது பலருக்குத் தெரியாது. காரின் பாதுகாப்பு முழுவதும் அதன் மூக்கில் இருக்கிறது. பம்பரும் எஞ்சின் அறையும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதை உணர்ந்து ஏர்பேக் விரியும். லாரியின் பாடியோ காரின் பானெட்டைவிட உயரத்தில் முடிகிறது. மோதும்போது மூக்கு லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். முதல் அடி முன்கண்ணாடியின் மீது விழும். அதன் பின்னால் இருப்பது நம் தலை.

1967 ஜூன் 29 அதிகாலை, ஹாலிவுட் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் போன கார் லூசியானா மாநிலத்தில் ஒரு டிரெய்லர் லாரியின் பின்னால் மோதியது. முன்னால் கொசு மருந்துப் புகை அடிக்கிற வண்டி போனதால் லாரி வேகத்தைக் குறைத்திருந்தது. கார் அடியில் சொருகியது. முன்சீட்டில் இருந்த மூன்று பெரியவர்களும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்த மூன்று குழந்தைகளும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற நடிகை மரிஸ்கா ஹார்கிடே. லாரிகளின் பின்னால் தொங்கும் தடுப்புக் கம்பியை அமெரிக்கர்கள் இன்றும் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்’ என்கிறார்கள். கம்பி வேண்டும் என்ற விதி அங்கே 1953-லேயே இருந்தது. தரையிலிருந்து 30 அங்குலம் வரை உயரலாம் என்று அது அனுமதித்தது. அதை 22 அங்குலமாக இறக்கி, இவ்வளவு அடியைத் தாங்க வேண்டும் என்ற அளவுகோலோடு புதிய விதி வந்தது 1996-ல். நடிகை இறந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. கம்பி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 14812 என்ற தர அளவும் இருக்கிறது. சாலையில் இறங்கிப் பாருங்கள். வளைந்த கம்பி, துருப்பிடித்த கம்பி, வெல்டிங் விட்டுத் தொங்கும் கம்பி, இடுப்பளவு உயரத்தில் பேருக்கு ஒரு கம்பி, கம்பியே இல்லாத டிப்பர். 2022-ல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இந்தச் சாலையில் லாரியின் முதுகில் ஒட்டுவது, அந்தக் கம்பியை நம்பி வைக்கிற பந்தயம்.

இயந்திரம் பிடித்த இடைவெளி

மனிதக் கால் தாமதமானால், அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன என்று பொறியாளர்கள் கேட்டார்கள். 1997-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், சாலையில் பதித்த காந்தங்களைப் பிடித்துக்கொண்டு எட்டு பியூக் கார்கள் ஆறரை மீட்டர் இடைவெளியில் தாமாக ஓடிக் காட்டின. 2012-ல் ஐரோப்பாவின் ‘சார்ட்ரே’ திட்டம் பார்சிலோனா அருகே பொதுச்சாலையில், ஒரு லாரியின் பின்னால் இன்னொரு லாரியையும் மூன்று வால்வோ கார்களையும் ஆறு மீட்டர் இடைவெளியில் 200 கிலோமீட்டர் ஓட்டியது. முன்லாரி பிரேக் போட்டதும் வானொலி அலையில் செய்தி பறந்து பின்வண்டிகளும் அதே கணத்தில் பிரேக் போடும். 2016-ல் ஐரோப்பாவின் ஆறு பெரிய லாரி நிறுவனங்களும் தங்கள் லாரிகளை வரிசை கட்டி ராட்டர்டாம் துறைமுகத்துக்கு ஓட்டிவந்தன.

பிறகு வேகம் அடங்கியது. 2019 தொடக்கத்தில் டைம்லர் நிறுவனம் இதைக் கைவிடுவதாக அறிவித்தது. உண்மையான சாலையில் மிச்சம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு; இடையில் வேறு வண்டிகள் புகுந்து வரிசை கலையும்; மறுபடி சேர வேகமெடுக்கும்போது சேமித்தது கரைந்துபோகும். யூட்டா சோதனையை நடத்திய பெலோட்டன் நிறுவனம் 2021-ல் மூடப்பட்டது. டெக்சஸில் 2014-ல் நடந்த சோதனைகளில் இன்னொரு சங்கதியும் தெரிந்தது. மிக நெருங்கினால் பின்லாரியின் ரேடியேட்டருக்குக் காற்று போதாமல் விசிறி ஓட வேண்டியிருக்கிறது. அது டீசலைத் தின்கிறது. ராடாரும் கணினியும் கைவசம் இருந்தவர்களுக்கே கட்டுப்படியாகாத இடைவெளியை, டோல்கேட்டில் டீ குடித்துவிட்டு வருகிற நாம் வெறும் காலால் பிடிக்கப் பார்க்கிறோம்.

லாரியின் முகம்

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் எட்வின் சால்ட்ஸ்மன். நாசாவின் விமான ஆய்வு மையத்தில் பொறியாளர். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவர். எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த அதே 1973. லாரிகள் அவரைக் கடக்கும்போது முதலில் ஒரு காற்று அவரைச் சாலைக்கு வெளியே தள்ளும். லாரி தாண்டியதும் இன்னொரு காற்று சாலைப் பக்கம் இழுக்கும். இவ்வளவு காற்றைத் தள்ளவும் இழுக்கவும் அந்த லாரி எவ்வளவு டீசலை எரிக்கிறது என்று அவர் யோசித்தார்.

அவருக்கும் சகாக்களுக்கும் ஒரு ஃபோர்டு வேன் கிடைத்தது. அதைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, செங்குத்து மூலைகள் கொண்ட வெறும் பெட்டியாக்கினார்கள். பிறகு முன்மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்து மழுக்கிக்கொண்டே அளந்தார்கள். மூலைகளை மழுக்கியதிலேயே காற்றுத் தடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உள்ளே குறைந்த இடம் அற்பம். இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளின் வளைந்த முகமும், கேபின் கூரைமேல் சரியும் காற்றுத் தடுப்பும், டிரெய்லரின் பக்கவாட்டுத் தகடுகளும் அந்த மாதிரி வேலைகளின் வழி வந்தவை. கலிஃபோர்னியா 2008-ல் நீள டிரெய்லர்களுக்கு இத்தகைய ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கும் விதியையே கொண்டுவந்தது.

லாரி காற்றில் வீணடிக்கிற எரிபொருளைப் பின்னால் ஒளிந்து பொறுக்குவது ஒரு வழி. அந்த வீணையே லாரியில் குறைப்பது இன்னொரு வழி. சால்ட்ஸ்மன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நம் ஊரில் அந்த வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. நாமக்கல் வட்டாரம் லாரி பாடி கட்டுவதில் நாடறிந்த இடம். தகட்டையும் மரத்தையும் எந்த வடிவத்துக்கும் கொண்டுவரத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. கேபின் மேல் ஒரு சரிவுத் தகடு, படபடக்காமல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், சரியான காற்றழுத்தத்தில் டயர்: டீசல் செலவே பாதி உயிரை எடுக்கிற லாரி முதலாளிக்கு இவை ஒவ்வொன்றும் நேரடி லாபம்.

அதே பட்டறையில், அதே வெல்டிங் கம்பியால், பின்னால் தாழ்வாக ஒரு நல்ல தடுப்பையும் அடித்துவிடலாம். எஃப்.சி.க்கு வருகிற லாரியின் பின்பக்கம் போய் நின்று, கம்பி இருக்கிறதா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், உதைத்தால் ஆடுகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு லாரிக்கும் ஒதுக்கும்படி போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். ஒதுக்கியதைப் படம் எடுத்துப் பதிவிலும் சேர்க்க வேண்டும்.